விளக்கை அணைக்காத சினிமாக் கொட்டகை!

ஆட்டிசம் உள்ளவர்கள் படம் எடுக்கிறார்கள், விழாவும் நடத்துகிறார்கள்

அமெரிக்காவில் மேரிலாந்து என்று ஒரு மாநிலம். அங்கே கொலம்பியா என்று ஓர் ஊர். 2007-ம் ஆண்டில் ஒரு தாய் தன் சின்ன மகளைச் சினிமாவுக்கு அழைத்துப் போனார்.

படத்தின் பெயர் 'ஹேர்ஸ்பிரே'. படம் முழுவதும் ஆட்டமும் பாட்டும்தான். அந்தச் சிறுமிக்கு ஆட்டிசம் உண்டு. பாட்டைக் கேட்டதும் அவளுக்குக் குஷி பிறந்துவிட்டது. எழுந்தாள். கைகளை உதறினாள். சுற்றிச் சுற்றி ஆடினாள். குதித்தாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். புகார் போயிற்று. தாயும் மகளும் பாதிப் படத்தில் எழுந்து வெளியே வர வேண்டியதாயிற்று.

திரையில் ஆடினால் கைதட்டல். கொட்டகையில் ஆடினால் வெளியேற்றம்!

அந்தத் தாய் அதோடு விட்டுவிடவில்லை. ஊரில் இருந்த ஒரு கொட்டகை மானேஜரைக் கேட்டார். தன் மகளைப் போன்ற பிள்ளைகளுக்காக ஒரு தனிக் காட்சி போட முடியுமா என்றார். மானேஜர் நல்ல மனிதர். சரி என்றார். விளக்கை முழுவதும் அணைக்கவில்லை. சத்தத்தைக் குறைத்தார்கள். விளம்பரம் கிடையாது. பிள்ளைகள் ஆடலாம், நடக்கலாம், பாடலாம். யாரும் "உட்கார்" என்று அதட்ட மாட்டார்கள்.

காட்சி வெற்றி பெற்றது. 'ஏ.எம்.சி.' என்ற பெரிய கொட்டகைக் கம்பெனி, ஆட்டிசம் சங்கத்தோடு சேர்ந்து, இதைப் பல ஊர்களுக்குக் கொண்டு போயிற்று. இங்கிலாந்திலும் 2011 முதல் இப்படிப்பட்ட காட்சிகள் கொட்டகைகளில் நடந்து வருகின்றன.

இது கதையின் முதல் பாதி. படம் பார்க்க இடம் கிடைத்துவிட்டது. படம் எடுக்க? அதுதான் இரண்டாவது பாதி. அது இங்கிலாந்தில், பிரைட்டன் என்ற கடற்கரைப் பட்டினத்தில் நடக்கிறது.

ஆட்டிசம் என்றால் என்ன?

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆட்டிசம் ஒட்டுநோய் அல்ல. காய்ச்சல் போல வந்து போவதும் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே ஒரு வித்தியாசம். சிறு வயதிலேயே தெரியத் தொடங்கும். வாழ்நாள் முழுவதும் இருக்கும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் நிறையப் பேசுவார்கள். சிலருக்கு எப்போதும் துணை வேண்டும். சிலர் தனியாக வீடு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஒருவரைப் பார்த்ததை வைத்து இன்னொருவரை எடை போட முடியாது.

உலகத்தில் ஏறக்குறைய 127 பேருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது 2021-ம் ஆண்டு கணக்கு. நெரிசலான ரயிலில் ஒரு பெட்டிக்கு ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம்.

1943-ம் ஆண்டில் லியோ கன்னர் என்ற டாக்டர், அமெரிக்காவில் 11 குழந்தைகளைக் கவனித்து இதைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு பல வருஷ காலம் பழி முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. தாய் அன்பு காட்டாமல் ஐஸ் பெட்டி போல இருந்தாளாம். அதனால் பிள்ளை இப்படி ஆயிற்றாம்! படித்த டாக்டர்களே இப்படிச் சொன்னார்கள். இது முழுத் தவறு என்று பின்னால் நிரூபணம் ஆயிற்று. அடுத்தது தடுப்பூசி மேல் பழி. 1998-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்த அந்தக் கட்டுரையை, 2010-ல் அந்தப் பத்திரிகையே வாபஸ் வாங்கிக்கொண்டது.

ஆட்டிசம் உள்ள பலருக்குக் காதும் கண்ணும் தோலும் மிகவும் கூர்மை. நமக்குச் சாதாரணமாக இருக்கும் சத்தம் அவர்களுக்கு இடி போல இருக்கலாம். குழல் விளக்கின் மெல்லிய ரீங்காரம்கூட மண்டையைக் குடையலாம். அப்போது மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ள உடம்பு ஒரு வழி தேடும். கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்புவது — இவை அந்த வழிகள். இதற்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் 'ஸ்டிம்மிங்'. குஷி வந்தாலும் இப்படிச் செய்வார்கள். கொலம்பியா ஊர்ச் சிறுமி செய்தது அதுதான்.

மற்றவர்கள் மட்டும் என்னவாம்? பரீட்சை மண்டபத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பவர் எத்தனை பேர்! நகம் கடிப்பவர், பேனா மூடியைச் சொடுக்குபவர், தலைமுடியைச் சுருட்டுபவர் எத்தனை பேர்! அளவுதான் வித்தியாசம்.

வசதி செய்ய எவ்வளவு செலவு?

இனி, சினிமாக் கொட்டகையைக் கவனிப்போம்.

கும்மிருட்டு. திடீர் என்று திரையில் வெளிச்சம். நாலாபக்கமும் முழக்கம். முதலில் விளம்பரங்கள், பிறகு வரப் போகும் படங்களின் துண்டுகள். அவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம். அடுத்தது என்ன வரும் என்று தெரியாது. படம் எப்போது தொடங்கும் என்றும் தெரியாது. காது கூர்மையான ஒரு பிள்ளையை இதில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? படம் தொடங்கும் முன்பே களைத்துப்போகும்.

இதற்கு மாற்று ஏற்பாடுகள் மிகவும் எளிமையானவை. விளக்கை மங்கலாக எரியவிட வேண்டும். சத்தத்தைக் குறைக்க வேண்டும். விளம்பரத்தை நீக்கிவிட்டுக் குறித்த நேரத்தில் படத்தைத் தொடங்க வேண்டும். எழுந்து நடக்கவும் வெளியே போய் வரவும் அனுமதி வேண்டும். வீட்டிலிருந்து கொண்டு வந்த பலகாரத்தைச் சாப்பிட விட வேண்டும். ஏனென்றால் சில பிள்ளைகள் பழகிய இரண்டு மூன்று பண்டங்களைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் சத்தம் இல்லாத ஓர் அறை இருந்தால் நல்லது. வாசல் எப்படி இருக்கும், டிக்கெட் எங்கே கொடுப்பார்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று படத்துடன் ஒரு தாள் அச்சடித்து முன்கூட்டியே கொடுத்தால் இன்னும் நல்லது. அடுத்து என்ன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இதில் எதற்குப் பெரிய பணம் வேண்டும்? விளக்கு ஏற்கெனவே இருக்கிறது. சத்தத்தைக் குறைக்கத் திருகு இருக்கிறது. விளம்பர வருமானம் ஒரு காட்சிக்குப் போகும், அவ்வளவுதான். ஊழியர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க வேண்டும். வேண்டியது பணத்தைவிட மனம் என்று இதைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனாலும் ஒரு குறை. இந்தக் காட்சிகளில் பெரும்பாலும் குழந்தைப் படங்கள்தான் ஓடுகின்றன. அவையும் காலை வேளையில். ஆட்டிசம் உள்ள குழந்தை வளர்ந்து பெரியவன் ஆகிறான் என்பதையே பல கொட்டகைக்காரர்கள் மறந்துவிட்டார்கள் போலும்!

'ரெயின் மேன்' தந்ததும் எடுத்ததும்

ஆட்டிசம் என்ற வார்த்தையை உலகம் முழுவதும் ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே ஒரு சினிமாதான். 1988-ல் வந்த 'ரெயின் மேன்'. டஸ்டின் ஹாப்மன் நடித்தார். சிறந்த படம், சிறந்த டைரக்டர், சிறந்த நடிகர், சிறந்த கதை வசனம் என்று நான்கு ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிக்கொண்டு போயிற்று.

ஹாப்மன் அற்புதமாக நடித்தார். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒரு தப்பான எண்ணத்தோடு வீடு திரும்பினார்கள். ஆட்டிசம் உள்ளவர் என்றால் கணக்கில் புலி. சீட்டுக் கட்டை ஒரு பார்வையில் மனப்பாடம் செய்துவிடுவார் — இப்படி! உண்மையில் அப்படிப்பட்ட திறமை உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். இதில் இன்னொரு வேடிக்கை. கதை எழுதியவருக்கு அந்தப் பாத்திரத்தைத் தோன்றச் செய்தவர் கிம் பீக் என்ற மனிதர். அபார ஞாபகசக்தி உள்ளவர். அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல, வேறு ஒரு பிறவிக் குறை என்று பின்னால் டாக்டர்கள் கருதினார்கள்.

உலகத்துக்கே ஆட்டிசத்தை அறிமுகம் செய்த படம். அதன் மூல மனிதருக்கோ ஆட்டிசம் இல்லை. நடித்தவருக்கும் இல்லை. எடுத்தவர்களும் வெளியாட்கள்தான்.

2021-ல் இது பெரிய தகராறாகவே வெடித்தது. ஸீயா என்ற பாடகி 'மியூசிக்' என்று ஒரு படம் எடுத்தார். ஆட்டிசம் உள்ள பெண்ணாக, ஆட்டிசம் இல்லாத ஒரு நடனப் பெண்ணை நடிக்க வைத்தார். அந்தப் பெண் மனம் கலங்கித் தவிக்கும்போது, அவளைக் கீழே தள்ளி மேலே படுத்து அமுக்குவது போலக் காட்சி வைத்தார். இப்படி அமுக்கினால் உயிரே போகக்கூடும் என்று ஆட்டிசம் சங்கங்கள் கொதித்தெழுந்தன. பாடகி மன்னிப்புக் கேட்டார். அந்தக் காட்சிகளை நீக்குவதாகச் சொன்னார்.

ஆட்டிசம் உள்ள ஒருவர் அந்தப் படத்தின் டைரக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் காட்சி காகிதத்திலேயே அடிபட்டுப் போயிருக்கும்.

பிரைட்டன் பட்டினத்துக் கதை

இனி பிரைட்டனுக்கு வருவோம்.

லண்டனுக்குத் தெற்கே, ரயிலில் ஒரு மணி நேரப் பிரயாணம். கூழாங்கல் நிறைந்த கடற்கரை. சினிமாச் சரித்திரத்தில் இந்த ஊருக்குப் பெரிய இடம் உண்டு. ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் என்பவர் பிரைட்டனை ஒட்டிய ஹோவ் என்ற இடத்தில், 1900-ல் ஒரு குட்டிப் படம் எடுத்தார். ஒரு பையன் பாட்டியின் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். கடிகாரத்தின் உள்பகுதி தெரிகிறது. கூண்டுக் குருவி தெரிகிறது. பூனைக்குட்டியின் முகம் தெரிகிறது. பாட்டியின் கண் திரை முழுவதும் உருளுகிறது! ஒரு பொருளை மிக அருகில் காட்டும் 'குளோசப்' முறையை ஆரம்பத்திலேயே பழகிய படங்களில் அது ஒன்று.

அதே ஊரில் 'கரோசல்' என்று ஒரு கலைச் சங்கம் 1982 முதல் நடந்து வருகிறது. கற்கும் திறனில் குறைபாடு உள்ளவர்கள் அங்கே பாட்டு, நடனம், சினிமா எல்லாம் பழகுகிறார்கள். அவர்களில் சிலர் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தை எங்கே காட்டுவது? எந்த விழாவும் அவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. சரி, நாமே ஒரு விழா நடத்தினால் என்ன என்று கேட்டார்கள். 2004-ல் விழா பிறந்தது. பெயர் 'ஆஸ்கா பிரைட்'. ஆஸ்கார் பரிசும் நினைவுக்கு வருகிறது. பிரைட்டன் ஊரும் நினைவுக்கு வருகிறது!

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விழா. குறும்படங்கள்தான் முக்கியம். கற்கும் திறனில் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் எடுத்த படங்களும் நடித்த படங்களும் உலகின் பல நாடுகளிலிருந்து வருகின்றன. கார்ட்டூன் உண்டு. நடனம் உண்டு. பயங்கரக் கதை உண்டு. சிரிப்பு உண்டு. காதலும் உண்டு.

(இங்கே ஒரு விளக்கம். ஆட்டிசம் வேறு, கற்கும் திறனில் குறைபாடு வேறு. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "மூளை வளர்ச்சி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அது சரி அல்ல.)

விழாவில் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. படங்களைப் பொறுக்கி எடுப்பவர்கள் யார்? மேடையில் அறிவிப்பவர்கள் யார்? இவர்களும் அதே மக்கள்தான். பெரிய மனிதர்கள் வந்து ஷீல்டு கொடுத்து, தலையைத் தடவி, போட்டோ எடுத்துக்கொண்டு போகும் விழா அல்ல. "இந்தப் படம் நன்றாக இல்லை, வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் அவர்கள் கையிலேயே இருக்கிறது. அந்த அதிகாரம் இல்லாவிட்டால் மற்றது எல்லாம் வெறும் தோரணம்.

தரம் எப்படி? 'பாஃப்டா' என்பது பிரிட்டனின் மிகப் பெரிய சினிமாப் பரிசு. அதன் குறும்படப் போட்டிக்குத் தகுதி தரும் விழாக்கள் என்று ஒரு ஜாபிதா உண்டு. அதில் ஆஸ்கா பிரைட் இடம் பெற்றிருக்கிறது. பரிதாபப்பட்டுக் கொடுக்கும் இடம் அல்ல அது.

கண் எங்கே போகிறது?

ஆட்டிசம் உள்ளவர் படம் எடுத்தால் அதில் என்ன புதுமை இருக்கும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும்.

2002-ம் ஆண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம். ஆமி கிளின் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், ஆட்டிசம் உள்ள 15 பேரையும் இல்லாத 15 பேரையும் வைத்து ஒரு பழைய சினிமாவின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். 1966-ல் வந்த படம். எலிசபெத் டெய்லரும் ரிச்சர்டு பர்ட்டனும் நடித்தது. ஒரு வீட்டுக்குள் நான்கு பேர் சண்டை போடும் கதை. பார்ப்பவரின் கண் திரையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு கருவி குறித்துக்கொண்டே வந்தது.

முடிவு என்ன? ஆட்டிசம் இல்லாதவர்களின் பார்வை, நடிகர்களின் கண்களிலேயே நின்றது. மற்றவர்களின் பார்வை வாய்க்கும், உடம்புக்கும், அறையில் உள்ள சாமான்களுக்கும் அதிகமாகப் போயிற்று.

"பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை" என்று டாக்டர் குறித்துக்கொள்வார். ஆனால் ஒரு காமிராக்காரர் இதைக் கேட்டால் என்ன சொல்லுவார்? "மற்றவர்கள் பார்க்காததை இவர்கள் பார்த்திருக்கிறார்களே!" என்பார். பாட்டியின் முகத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தின் பல்சக்கரத்தைப் பார்த்தானே, ஹோவ் ஊர்ப் பையன்! அவனைக் குறை சொன்னால் 'குளோசப்'பே இல்லை.

இந்தக் கருவியையே கதையில் வைத்து ஒரு படம் வந்திருக்கிறது. பெயர் 'தி ஸ்டிம்மிங் பூல்'. ஆட்டிசம் உள்ள ஐந்து கலைஞர்கள் 'நியூரோகல்ச்சர்ஸ் கலெக்டிவ்' என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் சினிமாப் பேராசிரியராக உள்ள ஸ்டீவன் ஈஸ்ட்வுட்டும் அவர்களும் சேர்ந்து டைரக்ஷன் செய்தார்கள். ஒரே படத்துக்கு ஆறு டைரக்டர்கள்! 2024 மார்ச்சில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் நடந்த படவிழாவில் முதலில் காட்டப்பட்டது. 2025 மார்ச்சில் பிரிட்டிஷ் கொட்டகைகளுக்கு வந்தது.

கதாநாயகன் கிடையாது. வில்லன் கிடையாது. ஒரு பெண்ணுக்குக் கண் பரிசோதனை நடக்கிறது. கருவி அவள் பார்வையைத் துரத்துகிறது. அங்கிருந்து படம் வேறு ஒருவரிடம் தாவுகிறது. அவரிடமிருந்து இன்னொருவரிடம். நடுவில் கையால் வரைந்த சித்திரப் பிராணி ஒன்று வருகிறது. கடைசியில், தண்ணீர் இல்லாத ஒரு நீச்சல்குளம். அதற்குள் இறங்கி, ஆட்டிசம் உள்ளவர்கள் தங்கள் இஷ்டம் போல ஆடுகிறார்கள், அசைகிறார்கள், கை உதறுகிறார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

சட்டென்று புரியும் படம் அல்ல. நாலு பாட்டு, மூன்று சண்டை என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துபோவார். கதைச் சரடு எங்கே என்று தேடிக் களைப்பவர்களும் உண்டு. அது குறைதான் என்று சொல்பவர் சொல்லட்டும். வெளியாள் ஒருவர் ஆட்டிசத்தை எட்டி நின்று பார்ப்பது போல இல்லாமல், ஆட்டிசம் உள்ளவர்கள் உலகத்தைப் பார்ப்பது எப்படி என்று காட்டியதில் அது புது வழி.

இருபக்கத்துக் குறை

இந்த விழாக்களின் பின்னால் ஒரு கருத்தும் இருக்கிறது. அதைச் சொன்னவர் டேமியன் மில்டன். இங்கிலாந்துக்காரர், சமூகவியல் படித்தவர், தமக்கும் ஆட்டிசம் உண்டு என்பவர். 2012-ல் அவர் ஒரு கேள்வி போட்டார்.

ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியவில்லை என்கிறீர்கள். மற்றவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர் மனம் புரிகிறதா? அதுவும் புரியவில்லையே! அப்படியானால் குறை ஒரு பக்கத்தில் மட்டும் எப்படி இருக்கும்? இரண்டு பாஷைக்காரர்கள் சந்தித்தால், ஒருவரை மட்டும் ஊமை என்பதா?

இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து காதோடு காதாக ஒரு சேதியைச் சொல்லி அனுப்பி விளையாடுவார்கள் அல்லவா? கடைசிப் பிள்ளை சொல்லும்போது சேதி தலைகீழாக மாறி எல்லோரும் சிரிப்பார்கள். அதே விளையாட்டுத்தான். ஸ்காட்லாந்தில் 72 பேரை வைத்து, எட்டு எட்டுப் பேராக வரிசை கட்டி, ஒரு கதையைச் சொல்லி அனுப்பினார்கள். முடிவு 2020-ல் வெளியாயிற்று. ஆட்டிசம் உள்ளவர் மட்டும் இருந்த வரிசையில் கதை நன்றாகவே போய்ச் சேர்ந்தது. இல்லாதவர் மட்டும் இருந்த வரிசையிலும் அப்படியே. இருவரையும் கலந்து நிறுத்திய வரிசையில்தான் கதை அதிகமாகச் சிதைந்தது.

பின்னால் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2025-ல் வந்தது. அதில் கலந்த வரிசையும் சோடை போகவில்லை. ஆகவே கலப்பு வரிசை பற்றிக் கடைசி வார்த்தை இன்னும் சொல்லப்படவில்லை. ஆனால் இரண்டு சோதனைகளிலும் ஒன்று மாறவில்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சேதி சொல்லத் தெரியாது என்ற பழைய பேச்சு இரண்டிலும் பொய்த்துப் போயிற்று.

தனிப் பந்தி எதற்கு?

விழாவைப் பற்றி ஆட்சேபம் இல்லாமல் இல்லை. "தனியாக ஒரு விழா என்பது தனிப் பந்தி போல அல்லவா? எல்லோரோடும் சேர்த்து உட்கார வைப்பதுதானே மரியாதை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்களில் ஆட்டிசம் உள்ள கலைஞர்களும் உண்டு. "நான் ஒரு டைரக்டர். அதை முதலில் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு சொல்லுங்கள்" என்பது அவர்கள் வாதம்.

வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெரிய பந்தியில் இலையே போடாதபோது என்ன செய்வது? தனிப் பந்தியில் சாப்பிட்டுத் தெம்பு ஏற்றிக்கொண்டு, பெரிய பந்திக்கு நடக்க வேண்டியதுதான். பாஃப்டா ஜாபிதாவில் இடம் பிடித்தது அந்த நடையில் ஓர் அடி. 'ஸ்டிம்மிங் பூல்' சாதாரண விழாவிலும் சாதாரணக் கொட்டகைகளிலும் ஓடியது இன்னோர் அடி.

பெரிய கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. அது பிழைப்புப் பற்றியது.

பிரிட்டிஷ் சர்க்காருக்காக ராபர்ட் பக்லண்டு என்ற முன்னாள் மந்திரி ஓர் அறிக்கை தயாரித்தார். 2024 பிப்ரவரியில் வெளியாயிற்று. உடல்நலக் குறையோ ஊனமோ இல்லாதவர்களில் 10 பேருக்கு 8 பேர் வேலை பார்க்கிறார்கள். ஊனமுற்றவர்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 10-க்கு 5 பேர். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் என்று பார்த்தால் 10-க்கு 3 பேர்தான்! பணக்கார நாட்டில், படிப்பு வசதி உள்ள நாட்டில் இந்த நிலைமை.

பெரும்பாலும் வேலை தெரியாததால் அல்ல. பேட்டியில் கண்ணுக்குக் கண் பார்க்கவில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். குழல் விளக்கும் சத்தமும் நிறைந்த ஆபீசில் நிலைக்க முடியாமல் சிலர் தாங்களாகவே விலகுகிறார்கள். சினிமாத் தொழிலோ இன்னும் மோசம். நேரம் காலம் கிடையாது. கூச்சல் அதிகம். யாரைத் தெரியும், யாரோடு டீ சாப்பிட்டாய் என்பதைப் பொறுத்தே அடுத்த சந்தர்ப்பம். நாலு பேரோடு சிரித்துப் பேசத் தெரியாதவருக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம்.

ஆகவே விழாவில் ஒரு குறும்படத்துக்குக் கைதட்டல் கிடைத்தால் மட்டும் போதாது. அடுத்த படத்துக்குப் பணம் போடும் ஆள் வேண்டும். படப்பிடிப்பு இடத்தில் ஓர் அமைதியான மூலை வேண்டும். நாளைக்கு என்ன வேலை என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்க வேண்டும். இவை ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் நன்மைதான். நாளைக்கு என்ன வேலை என்று தெரிந்தால் எந்த லைட் பாய்க்குக் கசக்கும்?

நம் நாட்டில்

இந்தியாவில் 2016-ம் ஆண்டு ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைச் சொல்கிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. சினிமாக் கொட்டகைகளில் செய்ய வேண்டிய வசதிகளைப் பற்றி மத்திய சர்க்கார் 2024 மார்ச்சில் விதிமுறை வெளியிட்டது. அதில் கண் தெரியாதவர்களையும் காது கேளாதவர்களையும் கவனித்திருக்கிறார்கள். விளக்கையும் சத்தத்தையும் தாங்க முடியாதவர்கள் அந்த விதிமுறைக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

நடிப்பில் மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2025-ல் அமீர்கான் நடித்து வந்த 'சிதாரே ஜமீன் பர்' என்ற இந்திப் படம், ஸ்பெயின் நாட்டுப் படம் ஒன்றைத் தழுவியது. டைரக்டர் ஆர்.எஸ்.பிரசன்னா, 'கல்யாண சமையல் சாதம்' எடுத்த நம் ஊர்க்காரர். கூடைப்பந்து ஆட்டக்காரர்களாக வந்த 10 புதுமுகங்கள், ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவை உள்ளவர்களே. வேஷம் கட்டிய ஆட்கள் அல்ல. வசூலும் குறைவில்லை.

காமிராவுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். காமிராவுக்குப் பின்னால்?

பிரைட்டன் விழா முடிந்ததும் படங்கள் பெட்டிக்குள் தூங்கிவிடுவதில்லை. அடுத்த விழா வருவதற்குள் ஊர் ஊராகச் சுற்றி வருகின்றன, வெளிநாடும் போகின்றன. போகிற இடத்தில் எல்லாம் விளக்கைக் கொஞ்சம் எரிய விட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்துத்தான் காட்டுகிறார்கள். மற்றக் கொட்டகைகளில் காலைக் காட்சியும் குழந்தைப் படமுமாகவே பொழுது போகிறது. வெள்ளிக்கிழமை இரவு, மங்கலான விளக்கில், யாரும் "உஷ்" என்று சொல்லாத இடத்தில் உட்கார்ந்து நல்ல பேய்ப் படம் ஒன்று பார்க்க ஆசைப்படும் 30 வயதுக்காரருக்கு, பல ஊர்களில் இன்னும் டிக்கெட் கிடைத்தபாடில்லை.